லாரியின் பின்புறத்தில் மோதியும் காற்றுப்பை விரியாதது ஏன்?

ஆயர் ஈத்தாம் அகிலன் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை காலையில் பினாங்குப் பாலத்தைக் கடந்து பிறை பக்கம் (மலேசியப் பெருநிலத்துக் கரை) இறங்கிக்கொண்டிருந்தபோது, முன்னால் சென்ற லாரி திடீரென நின்றுவிட்டதால், என் கார் அதன் பின்புறத்தில் மோதிவிட்டது. வேகமானி ஏறக்குறைய ஐம்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கை முழுவதும் மிதித்தும் போதவில்லை. பானெட் நடுவில் மடிந்து கூடாரம்போல் எழுந்து நின்றது, ரேடியேட்டர் நொறுங்கியது, இரண்டு முன்விளக்குகளும் போய்விட்டன. இவ்வளவு நடந்தும் காற்றுப்பை ஒன்றுகூட விரியவில்லை.

நெஞ்சில் இருக்கைவார் அழுத்திய இடம் கன்றிப்போனதைத் தவிர எனக்குக் காயம் எதுவும் இல்லை. காரில் எஸ்.ஆர்.எஸ். விளக்கு, அதாவது காற்றுப்பை அமைப்பின் எச்சரிக்கை விளக்கு, இப்போது அணையாமல் எரிகிறது. இருக்கைவாரும் உள்ளே இழுபடாமல் தொங்குகிறது, ஆனால் அது சிறிய பழுது, பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். என் மைத்துனரோ, ஆறு காற்றுப்பைகள் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றைக்கூட விரியச் செய்யாத உற்பத்தியாளர்மீது புகார் கொடுக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இது உண்மையிலேயே பழுதுதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செந்தூல் பட்டறை | திங்கள், இரவு 10.05

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை காரை ஓட்டாதீர்கள், தெரிந்த பொமனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுத்து மீட்டரால் கம்பிகளைச் சோதிக்கவும் சொல்லாதீர்கள். காற்றுப்பையின் தீமூட்டிக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும் என்பதால், தவறான மீட்டரை வைத்தாலே அது வெடிக்கக்கூடும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருந்த பிறகே எதையும் தொடவேண்டும், ஏனெனில் விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் பையை விரிக்கும் அளவுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி தனக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். பெட்டியில் பதிவாகியிருக்கும் குறியீட்டை ஸ்கேனரில் படித்த பிறகு புகாரைப் பற்றி யோசிக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் பொறியாளர் | செவ்வாய், காலை 7.15

அகிலன் தம்பிக்கு வணக்கம். கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

காற்றுப்பை காரின் சேதத்தைப் பார்த்து விரிவதில்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரையோடு சேர்த்து முடுக்கப்பட்ட சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பானெட் மடிந்ததும் விளக்கு உடைந்ததும் தெரியாது. கார் எவ்வளவு விரைவாகத் தன் வேகத்தை இழக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். 1968இல் அமெரிக்கரான ஆலன் பிரீட் உருவாக்கிய உணரி இதை மிக எளிமையாகச் செய்தது: குழாய்க்குள் ஓர் எஃகு உருண்டையைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும்; மோதலின் வேகத்தில் உருண்டை காந்தத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய் மின்முனைகளைத் தொட்டால் பை விரியும். இன்று அந்த உருண்டையின் இடத்தில் நகத்தளவுச் சில்லு இருக்கிறது. ரேடியேட்டருக்கு அருகில் முன்புறமாக ஒன்றோ இரண்டோ உணரிகள் கூடுதலாக இருக்கும். முன்னுணரி சொல்வதைப் பெட்டிக்குள் இருக்கும் உணரியும் ஒப்புக்கொண்டால்தான் தீமூட்டிக்கு மின்சாரம் போகும்.

இதில் நேரம்தான் எல்லாம். வழக்கமான முன்மோதல் ஒன்று, தொடங்கி முடிய நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே எடுக்கும். கார் நிற்கத் தொடங்கிய பிறகும் உள்ளே இருப்பவரின் உடல் பழைய வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அது ஏறக்குறைய 12.5 செ.மீ. முன்னேறுவதற்குள் பை முழுவதும் நிரம்பியிருக்கவேண்டும் என்பதும், நிரம்ப 30 மில்லிநொடி ஆகும் என்பதும் நாங்கள் தொழிலில் பழகிய பழைய கணக்கு. அப்படியானால் மோதல் தொடங்கிய 15 முதல் 30 மில்லிநொடிக்குள் பெட்டி முடிவெடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பம்பரும் அதன் பின்னால் இருப்பவையும்தான் நசுங்கியிருக்கும், மோதலின் பெரும்பகுதி இன்னும் நடக்கவே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதைப்போல, முதல் சில மில்லிநொடிகளின் அதிர்வை வைத்து, இது எப்படிப்பட்ட மோதலாக வளரப்போகிறது என்று பெட்டி கணிக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் விரிகிறது என்று விளம்பரத்தில் சொல்வார்கள். உண்மையில் நாம் ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் பை விரிந்து, முகம் அதில் பட்டு, பை சுருங்கவும் தொடங்கியிருக்கும்.

இனி உங்கள் லாரிக்கு வருகிறேன். காரின் பலம் முழுவதும் பம்பருக்குப் பின்னால் நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களில் இருக்கிறது. சுவரிலோ இன்னொரு காரிலோ மோதும்போது அவைதான் முதலில் தாக்குண்டு கூர்மையான அதிர்வை உண்டாக்குகின்றன. லாரியின் பின்தளம் உயரமானது. உங்கள் பம்பரும் அந்தச் சட்டங்களும் அதன் அடியில் நுழைந்திருக்கும், மேலே இருந்த பானெட்டும் விளக்கும் ரேடியேட்டரும் மட்டுமே தளத்தின் விளிம்பில் இடித்திருக்கும். அவை மெலிதான பொருள்கள் என்பதால் மெதுவாக மடிந்திருக்கும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் 40 செ.மீ. தூரத்தில் நின்றால் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு விசையை உள்ளே இருப்பவர் உணர்வார். அதுவே 80 செ.மீ. எடுத்துக்கொண்டு நின்றால் அதில் பாதிதான். பார்ப்பதற்குப் பின்னதுதான் பெரிய சேதமாகத் தெரியும். பெட்டிக்கோ அது சிறிய மோதல்.

வேகமானியில் பார்த்த ஐம்பதும் மோதிய வேகம் அன்று. முழு பிரேக்கில் அது வெகுவாகக் குறைந்திருக்கும். வார் அணிந்தவருக்கு, அசையாத கெட்டிச் சுவரில் மணிக்கு ஏறக்குறைய 26 கி.மீ. வேகத்தில் மோதினால்தான் முன்பை (முன்மோதலுக்கான காற்றுப்பை) விரியவேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. வார் அணியாதவருக்கு அது 16 முதல் 19 கி.மீ. வரை. நின்றுகொண்டிருக்கும், அதே எடையுள்ள இன்னொரு காரில் மோதினால் அது பின்னால் தள்ளப்படும் என்பதால், அதே பாதிப்புக்கு இருமடங்கு வேகம் வேண்டும்.

சுங்கை டுவா சுரேன் | செவ்வாய், காலை 11.30

பொறியாளர் ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. என் நண்பர் ஒருவரின் கார் சாலை நடுத்திட்டின் விளிம்பில் ஏறியபோது இரண்டு முன்பைகளும் விரிந்துவிட்டன. பம்பரில் கீறலைத் தவிர வேறொன்றும் இல்லை. லாரியில் மோதினால் விரியாது, கல்லில் ஏறினால் விரியும் என்றால் அந்தக் கணிப்புக்கு என்ன மதிப்பு? தேவையோ இல்லையோ, சந்தேகம் என்றால் விரியட்டும் என்று வைத்துவிடலாமே.

பிரிக்பீல்ட்ஸ் பொறியாளர் | செவ்வாய், பிற்பகல் 1.10

சுரேன், நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். நடுத்திட்டின் கல்விளிம்பு காரின் அடியில் இருக்கும் கெட்டியான பாகத்தைத் தாக்கினால், அந்த அதிர்வு மிகக் குறுகியதாகவும் மிகக் கூர்மையாகவும் இருக்கும். முதல் சோற்றை மட்டும் பதம் பார்க்கும் பெட்டிக்கு அது பெரிய மோதலின் தொடக்கம்போலவே தெரியும். அங்கே கணிப்பு தவறிவிட்டது என்றே நானும் சொல்வேன். ஆனால் சந்தேகம் என்றால் விரியட்டும் என்பதை ஏற்கமாட்டேன்.

பை மணிக்கு ஏறக்குறைய 300 கி.மீ. வேகத்தில் வெளியே வருகிறது. ஸ்டீயரிங் நடுவிலுள்ள மூடியைக் கிழித்துக்கொண்டு, ஓட்டுநர் பக்கம் 60 லிட்டர் அளவு காற்று நொடிப்பொழுதில் விரிவதை அருகில் நின்று ஒருமுறை பார்த்தவர்கள் அதைத் தலையணை என்று சொல்லமாட்டார்கள். ஸ்டீயரிங்கின் உச்சியில் குறுக்காகக் கை வைத்திருப்பவரின் மணிக்கட்டு உடையலாம், முன்கை கருகலாம். 1990களில் அமெரிக்காவில், உயிர் போகும் அளவுக்குக் கடுமையில்லாத மோதல்களில், பையின் வேகத்தாலேயே சிறுவர்களும் குட்டையான பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் இருக்கையில் இருப்பவரின் எடையையும் வார் அணிந்திருப்பதையும் பார்த்து, மெதுவாக விரிவதா, வேகமாக விரிவதா, விரியாமலே இருப்பதா என்று முடிவெடுக்கும் பைகள் அங்கே 2003 முதல் படிப்படியாகக் கட்டாயமாயின.

வார் அணிந்திருப்பதைப் பார்க்கும் அந்த உணரியை ஏமாற்றும் வேலைகளும் நடக்கின்றன. வார் அணியாமல் ஓட்டும்போது எழும் ஒலியை நிறுத்த, வெறும் கொக்கியைப் பூட்டில் செருகிவைக்கிறார்களே, அவர்கள் பெட்டியிடம் பொய் சொல்கிறார்கள். பெட்டி அவரை வார் அணிந்தவராகக் கருதி, உயர்ந்த எல்லையை எடுத்துக்கொண்டு காத்திருக்கும். அதற்குள் அவர் ஸ்டீயரிங்குக்கே வந்துவிடுவார். அப்போது விரியும் பை அவரைத் தாங்குவதற்குப் பதில் தாக்கும்.

ஈப்போ சாலை இராதிகா | செவ்வாய், இரவு 8.50

ஐயா, குட்டையானவர்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மாமியாரின் நினைவுதான் வந்தது. ஐந்தடிக்கும் குறைவான உயரம். ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்தபடிதான் ஓட்டுவார். அவர் என்ன செய்யவேண்டும்? இன்னொன்றும் கேட்கவேண்டும். எங்கள் காரில் பயணி பக்கம் டேஷ்போர்டின் மேல், காற்றுப்பை என்று எழுதியிருக்கும் இடத்திலேயே, பித்தளைப் பிள்ளையாரை இரட்டைப்பக்கப் பசைநாடாவால் ஒட்டி வைத்திருக்கிறோம். பூசை போட்ட நாளிலிருந்து அவர் அங்கேயேதான் இருக்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் பொறியாளர் | செவ்வாய், இரவு 9.35

பிள்ளையாரை இன்றிரவே இடம் மாற்றிவிடுங்கள், அம்மா. அந்த மூடி திறக்கும்போது மேலே இருப்பது எதுவானாலும் துப்பாக்கிக் குண்டைப்போல் உள்ளே பறந்துவரும். நம்மவர்கள் கார்களில் பாதிக்கு மேல் இதே காட்சியைத்தான் பார்க்கிறேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் நசுக்கிவிட்டு, பித்தளையை முகத்துக்கு நேராக வைத்துக்கொள்கிறோம். கருவி பலகைக்கு நடுவே, எந்தப் பை மூடியும் இல்லாத இடத்தில், மெலிதான படமாக அவரை வைக்கலாம்.

மாமியாருக்கு: மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருக்கவேண்டும். இருக்கையைப் பின்னால் தள்ளினால் கால் எட்டாது என்பார். இருக்கையின் முதுகைச் சற்றே சாய்த்து, இருக்கையை உயர்த்தி, ஸ்டீயரிங்கை முகத்தை நோக்கி இல்லாமல் மார்பை நோக்கித் தாழ்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளி கிடைத்துவிடும். கைகள் கடிகாரத்தின் ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் இருக்கட்டும். அருகில் அமர்பவர் டேஷ்போர்டின் மேல் கால் நீட்டக் கூடாது.

குழந்தை இருந்தால், பின்னோக்கிய குழந்தை இருக்கையைப் பை இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் முதுகுப்பக்கம் பையின் மூடிக்கு அங்குலக் கணக்கில் நெருங்கி நிற்கும். 2020 ஜனவரி முதல் நம் மலேசியாவில் குழந்தை இருக்கை கட்டாயம். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன் என்பவர்களுக்காக ஒரு கணக்கு: மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்திருக்க ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும்.

செந்தூல் பட்டறை | புதன், காலை 9.20

பொறியாளர் புதிய காரைப் பற்றிச் சொன்னார். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக என் தொழிலில் பார்ப்பதைச் சொல்கிறேன். பை விரிந்த காரை நேர்மையாகச் சரிசெய்வதற்குப் பெரிய செலவாகும்: பைகள், வார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி, டேஷ்போர்டு, சில கார்களில் முன்கண்ணாடியும்கூட, ஏனெனில் பயணி பக்கப் பை அதில் மோதித்தான் விரிகிறது. அந்தச் செலவைத் தவிர்க்க, பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் கிடைக்கும் பழைய பையை மாட்டிவிடுவார்கள். அந்தப் பை எந்தக் காரிலிருந்து வந்தது, வெள்ளத்தில் மூழ்கியதா, எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது என்பதை யாராலும் சொல்லமுடியாது.

அதைவிடக் கேவலமான வேலையும் உண்டு. பையே இல்லாமல் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு, தீமூட்டி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓம் அளவுள்ள சிறிய மின்தடையைச் சொருகிவிடுவார்கள். தீமூட்டியின் தடையும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், பெட்டி பை இருப்பதாகவே நம்பும், விளக்கும் அணைந்துவிடும். பெட்டியே கெட்டிருந்தால், எஸ்.ஆர்.எஸ். விளக்கின் கம்பியை எண்ணெய் விளக்கோடு இணைத்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்.

எனவே பழைய காரைப் பார்க்கும்போது சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் விளக்குகளைக் கவனியுங்கள். எஸ்.ஆர்.எஸ். விளக்கு எரிந்து, சில நொடிகள் கழித்துத் தானாக அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் விலகிவிடுங்கள். அணைந்தாலும் நம்பிவிடாமல், வார்களைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும், அது காரின் ஆண்டைவிடப் பிந்தியதாக இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

இருக்கையின் பக்கவாட்டில் பை இருக்கும் கார்களில் கடையில் தைத்த உறை போடாதீர்கள். பக்கவாட்டு மோதலில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே இடமே இல்லை; அந்தப் பை முன்பையைவிட விரைவாக விரிந்தாகவேண்டும். உறையின் தையலைக் கிழிக்க அது செலவிடும் நேரத்தில் கதவு வந்துவிடும்.

காஜாங் கதிர் | புதன், பிற்பகல் 12.45

மேலே வெயில் என்று சொன்னதால் கேட்கிறேன். தகாத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடித்ததற்கும் நம் நாட்டு வெப்பத்துக்கும் தொடர்பு உண்டா? என் கார் ஜப்பானிலிருந்து வந்த ரீகான் வண்டி, அதாவது அங்கே ஓடிய பழைய கார்.

பிரிக்பீல்ட்ஸ் பொறியாளர் | புதன், மாலை 6.20

நேரடித் தொடர்பு உண்டு, கதிர். பையை நிரப்பும் வாயு பேட்டரியிலிருந்தோ காற்றுக்கலனிலிருந்தோ வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான முன்பைகளில் அது மாத்திரைகளாக அடுக்கிய வேதிப்பொருள் எரிவதால் பிறக்கிறது. முதலில் சோடியம் அசைடைப் பயன்படுத்தினார்கள். அது எரிந்து நைட்ரஜனைத் தரும், ஆனால் அசைடே கொடிய நஞ்சு. பிறகு குவானிடின் நைட்ரேட் போன்றவற்றுக்கு மாறினார்கள். தகாத்தா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. உரமாகவும் சுரங்க வெடியாகவும் பயன்படும் அதே பொருள். ஈரத்தை உறிஞ்சும் பொருளைச் சேர்க்காத கலன்களில், பல ஆண்டுகளாக ஈரக்காற்று கசிந்து, பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டதால், மாத்திரைகள் நுண்துளை விட்டு உதிரத் தொடங்கின. அப்படிப்பட்ட மாத்திரை தீப்பிடித்தால் வரையறுத்ததைவிட வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் எஃகுக் கலனே வெடித்து, சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்தையும் முகத்தையும் தாக்கும்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில்தான் இது விரைவாக நடந்தது. 2014 ஜூலையில் நம் சரவாக் மாநிலத்தின் சிபு நகரில் கர்ப்பிணி ஒருவர் இப்படி இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் அது. உலகெங்கும் ஏறக்குறைய 10 கோடி கலன்கள் திரும்பப் பெறப்படும் நிலை வந்து, 2017இல் அந்த நிறுவனம் திவாலானது.

ரீகான் வண்டிக்கு வீடு தேடிக் கடிதம் வரும் என்று காத்திருக்காமல், சேசிஸ் எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் திரும்பப்பெறும் பட்டியலில் நீங்களே பாருங்கள். மாற்றித் தருவதற்குக் கட்டணம் கிடையாது. செந்தூல் பட்டறைக்காரர் சொன்ன ஹாஃப் கட் கடைப் பைகளை நானும் வெறுப்பதற்கு இதுதான் காரணம். இங்கே நீக்கிய பழைய கலன் அங்கே இன்னொருவருடைய ஸ்டீயரிங்குக்குள் போய்விடக்கூடும்.

செந்தூல் பட்டறை | புதன், இரவு 10.10

அகிலன், உங்கள் முதல் பதிவை இப்போதுதான் மறுபடியும் நிதானமாகப் படித்தேன். இருக்கைவார் உள்ளே இழுபடவில்லை, அது சிறிய பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழுது அன்று என்று நினைக்கிறேன். முன்னிருக்கை வார்ச்சுருளுக்குள்ளும் சிறிய வெடிமருந்து இருக்கிறது. மோதலின் தொடக்கத்திலேயே அது வெடித்து, வாரின் தளர்ச்சியைச் சில செ.மீ. உள்ளே இழுத்து உடலை இருக்கையோடு கட்டிவிடும். பல கார்களில் அதன் எல்லை பையின் எல்லையைவிடக் குறைவு. வெடிக்கும் ஒலி மோதல் சத்தத்தில் காதில் விழாது. ஒருமுறை வெடித்த சுருள் அதன்பிறகு வேலை செய்யாது. விளக்கு எரிவதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம். இரண்டு பக்க வார்களும் அப்படித்தான் இருக்கின்றனவா?

ஆயர் ஈத்தாம் அகிலன் | வெள்ளி, மாலை 5.30

அண்ணன் சொன்னதே சரி. பட்டர்வொர்த்தில் ஸ்கேனர் வைத்துப் பார்த்ததில் ஓட்டுநர் பக்க வார்ச்சுருள் வெடித்ததாகவே பதிவாகியிருந்தது. பைகளின் வரிசையில் எந்தப் பழுதும் இல்லை. பயணி இருக்கையில் ஆள் இல்லாததால் அந்தப் பக்கத்துச் சுருள் அப்படியே இருக்கிறது. ஆக, பெட்டி தூங்கிவிடவில்லை. வார் போதும் என்று முடிவெடுத்திருக்கிறது. நெஞ்சில் இருக்கும் கன்றல் எதனால் வந்தது என்பதும் புரிந்துவிட்டது. மைத்துனரிடம் இந்த இழை முழுவதையும் படிக்கக் கொடுத்தேன். புகாரை இப்போதைக்கு விட்டுவிட்டார், ஆனால் பை விரிந்திருந்தால் இன்னும் நல்லதுதானே என்ற எண்ணத்தை மட்டும் விடவில்லை.

ஓட்டுநர் பக்க வாரையும், தாங்குசட்டம் வளைந்துபோன முன்னுணரியையும், கையேட்டின்படி கட்டுப்பாட்டுப் பெட்டியையும் புதிதாக மாற்றும்படி காப்புறுதி மதிப்பீட்டாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கார் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை மாமனாரின் பழைய காரை ஓட்டுகிறேன். செந்தூல் அண்ணன் சொன்னபடி இன்று காலை சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் பார்த்தேன். எண்ணெய் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது, எஸ்.ஆர்.எஸ். விளக்கு எரியவே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் கையாக வாங்கிய கார் என்கிறார். நாளைக் காலையில் அதையும் ஸ்கேனரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.